பின்னல் ஒன்று, முழம் ஒன்றரை

விரோதிகிருது வருஷம், தை மாதம்.
ரங்கூன் மொகல் தெரு, வீனா கானா ரூனா கடை.
நான் பெட்டியடிப் பையன்,
எழுதினால் மை ஒழுகும்.
லாத்தா தெருத் தச்சன் லியோங் குவாய்
தினத்தாளில் சுற்றிய எதையோ மேசைமேல் வைத்தான்.
பிரித்தால் மயிர்.

காலையில்தான் வெட்டினானாம்.
ராஜா போட்ட உத்தரவில் தொங்கியதாம் இத்தனை தலைமுறை.
ராஜா இல்லை இனி, குடியரசு.
"இதற்கு என்ன தருவீர்கள்?"

மேலாள் சிரித்த சிரிப்பில்
வெற்றிலைச் சாறு சிட்டையில் தெறித்தது.
நாலணா கொடு, மாசம் நூற்றுக்கு ஒன்று வட்டி,
எழுதடா:
பின்னல் ஒன்று, முழம் ஒன்றரை, நிறம் கறுப்பு.

ஆனந்த வருஷம் ஒரு வெள்ளிக்காசு கொண்டுவந்தான்.
மொட்டைத் தலை, முறுக்கிய மீசை, தடித்த கழுத்து.
"எங்கள் பிரசிடெண்ட்."
கல்லில் தட்டிப் பார்த்தோம், நல்ல நாதம்.
அடுத்தது ராட்சச வருஷம்.
கார்த்திகையில் அந்தக் கழுத்து
தன்னைச் சக்கரவர்த்தி என்றது,
பங்குனியில் இல்லை என்றது.
காசு மட்டும் அதே எடை.
வெள்ளிக்கு யார் முகமானால் என்ன என்றார் மேலாள்.
லியோங் ஒன்றும் சொல்லாமல்
எங்கள் பெட்டிக்குப் புதுக் கீல் வைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு மாகாணத்துக்கு ஒரு தளபதி,
தளபதிக்கு ஒரு அச்சாபீஸ்.
மலையின் இந்தப் பக்கம் ரூபாய், அந்தப் பக்கம் காகிதம்.
லாத்தா தெருவில் ஐந்து பட்டைக் கொடி இறங்கி
பன்னிரண்டு கதிர்ச் சூரியன் ஏறிய அன்று
பழைய கொடியில் அவன் வார்னிஷ் துடைத்ததைப் பார்த்தேன்.
சிவப்புப் பட்டையை மட்டும் கிழித்துத் தனியே வைத்திருந்தான்.
கேட்டதற்கு, நல்ல துணி என்றான்.

ஈசுவர வருஷம் யுத்த நிதிக்குப் பிரம்புக்கூடை வந்தது.
மேலாள் பத்து ரூபாய் போட்டார்.
தர்மக் கணக்கா, கடைச்செலவா என்று
ராத்திரி வெகுநேரம் யோசித்தார்.

விஷு வருஷம் குண்டு.
நான் கப்பலுக்கு ஓடினேன்.
அவன் லாரியேறினான், லாசியோ வழியாகக் குன்மிங்குக்கு.
பேரேட்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன்.
பெட்டகத்தைக் கட்டிக்கொள்ள முடியுமா?

திரும்பி வந்தபோது பெட்டகம் வாய் பிளந்து கிடந்தது.
வெள்ளி போச்சு, பத்திரம் போச்சு,
அடகு நகையில் குண்டுமணி மிச்சமில்லை.
மூலையில் தினத்தாள் பொட்டலம்,
கட்டிய நூல்கூட அவிழவில்லை.

சர்வதாரியில் காண்டனிலிருந்து அவன் தம்பி
பழைய கடனுக்கென்று ஒரு கட்டு நோட்டு அனுப்பினான்.
கட்டில் எழுதியிருந்தது கோடி.
வந்து சேர்ந்தபோது தீப்பெட்டி விலை பெறாது.
ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் அதை மடித்துச் செருகி
உட்கார்ந்து பார்த்துச் சொன்னான்:
"இப்போது உறுதி."

விரோதி வருஷம், தை மாதம்.
புதுக் கொடியில் ஒரு பெரிய நட்சத்திரம், நாலு சின்னது.
லியோங் வந்தான், தலையில் மயிரே இல்லை.
"என் பொருளை மீட்க வேண்டும்."

பஞ்சாங்கத்தைக் காட்டினேன்:
விரோதிகிருதுவில் பிறந்து விரோதியில் போய்விட்டதே உங்கள் குடியரசு.
எங்கள் வட்டமும் அறுபதுதான் என்றான்,
பன்றி வருஷத்தில் வந்தது, எருது வருஷத்தில் போனது.
முப்பத்தெட்டு வயசு.
எங்கள் ஊரில் கிணறுகூட அதைவிட மூத்தது.

நானூற்று ஐம்பத்தாறு மாசம்.
முதல் நாலணா, வட்டி சேர்த்து
ஒரு ரூபாய் ஆறணா மூன்று பை.
எண்ணி வைத்தான்.
பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தான்,
வழுக்கைமேல் வைத்துப் பார்த்தான்,
எங்கள் சுவர்க்கண்ணாடியில் ரசம் போயிருந்தது.

டெல்டா வயலெல்லாம் சட்டத்தில் போய்
கடையில் கணக்கு எதுவும் முடியாத வருஷம் அது.
இந்த ஒன்றுக்குத்தான் தீர்ந்தது என்று எழுதினேன்.

மூன்று பை குறைந்தது.
இல்லை என்றான்.
தள்ளி எழுதினேன்.